குடைக்கு விழுந்த ஒத்த ஓட்டு

மலையாண்டிக்கு உலகத்தில் தெரியாத சண்டை கிடையாது. பாக்லாண்டுத் தீவு யாருக்குச் சேர வேண்டும், ஈரானும் ஈராக்கும் எந்த இடத்தில் எல்லைக்கல் நட்டால் சமாதானம் ஆகும், ஆப்கானிஸ்தானத்தை விட்டு ரஷ்யாக்காரன் எப்போது கிளம்புவான், எல்லாவற்றையும் ஓடைக்கரைப்பட்டி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே தீர்த்து வைத்திருக்கிறான். தன் காட்டுக்கும் பக்கத்துக் காட்டுக்கும் நடுவில் இருந்த வரப்பு வருஷா வருஷம் தன் பக்கமாக நகர்ந்து வந்தது மட்டும் அவன் கண்ணில் படவில்லை. அதைப் பார்த்து, சண்டை போட்டு, நிறுத்தினவள் அவன் பெண்டாட்டி அழகம்மாள்.

இத்தனைக்கும் அவன் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் இரண்டு வருஷம் தகடு வெட்டினான். அங்கே சங்கத்துக் கூட்டங்களில் உட்கார்ந்து எழுந்ததில் பேச்சு பிடித்துக்கொண்டது. வேலை போய்விட்டது, பேச்சு மட்டும் அவனோடு ஊர் திரும்பியது. கூடவே ஒரு டிரான்சிஸ்டரும். ராத்திரி அதில் தமிழோசைச் செய்தி கேட்டுவிட்டுப் படுத்தானென்றால் மறுநாள் காலை டீக்கடைக்கு அவன்தான் உலகம்.

"மனித உரிமைன்னா என்னன்னு தெரியுமாடா சின்னான்?" என்று ஆரம்பிப்பான்.

டீக்கடைச் சின்னான் பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டே, "தெரியும்ணே. டீயக் குடிச்சிட்டுத் துண்டைத் தட்டித் தோள்ல போட்டுக்கிட்டுப் போறது" என்பான். பெஞ்சு சிரிக்கும். மலையாண்டியும் கோபித்துக்கொள்ள மாட்டான். கேட்க ஆள் இருந்தால் போதும் அவனுக்கு.

அழகம்மாள் அந்த நேரத்தில் காட்டில் இருப்பாள். பேரையூருக்குத் தெற்கே, மழை பெய்தால்தான் உண்டு என்கிற கரிசல். இரண்டு ஏக்கர். மகளை ஒத்தக்கடைப் பக்கம் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இவர்கள் இரண்டு பேர், ஒரு ஜோடி மாடு, அந்த டிரான்சிஸ்டர். தன்னை விட்டால் மிச்ச மூன்றில் மாடுகள்தான் வேலைக்கு ஆகும் என்பது அவள் கணக்கு.

எண்பத்தாறு மாசியில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. ரொம்ப வருஷமாக நடக்காமல் கிடந்த தேர்தல். ஓட்டுப் போட்டு ஆளைத் தேடும் சிரமம் ஜனங்களுக்கு வேண்டாம் என்று ஊரே அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டது. ஆம்பளைகள் ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கூடினார்கள். பம்புசெட்டும் மச்சு வீடும் உள்ள நல்லகாமன்தான் தலைவர். அதற்குப் பதிலாக அவர் கோயிலுக்கு முன்மண்டபம் எடுத்துக் கொடுப்பார். "எல்லாருக்கும் சம்மதந்தானப்பா?" என்று ஊர்ப் பெரியவர் முத்திருளன் கேட்டார். சம்மதம் இல்லாதவன் அந்த ஊரில் குடியிருக்க முடியாது என்பதால் எல்லாருக்கும் சம்மதமாக இருந்தது. மலையாண்டியும் கூட்டத்தில் உட்கார்ந்துதான் இருந்தான். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் டீக்கடையில் திறந்தான். "ஒத்த ஆளு நின்னா அதுக்குப் பேரு எலெக்சனாடா? ரெண்டு பேரு நிக்கணும். அதான் ஜனநாயகம்."

"அப்ப நீ நில்லேண்ணே" என்றான் சின்னான். விளையாட்டுக்குத்தான் சொன்னான்.

பெஞ்சில் இருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். பத்துப் பேர் பார்த்த பிறகு மலையாண்டியால் சும்மா இருக்க முடியுமா? பஸ் ஏறிப்போய் மனுவைப் போட்டுவிட்டு வந்தான். குடைச் சின்னம் கேட்டிருக்கிறானாம்.

விஷயம் தெரிந்து அழகம்மாள் அடுப்படியை விட்டு வெளியே வந்தாள்.

"இந்தாருய்யா, ஒனக்கு இந்தச் சோலி வேணாம். காட்டுல பருத்தி வெடிக்கப் போகுது. ஊரைப் பகைச்சுக்கிட்டா எவ வந்து எடுப்பா? இந்த ரெண்டு கைய வச்சுக்கிட்டு நான் ரெண்டு ஏக்கரும் எடுக்கவா? போயி அந்த மனுவைத் திரும்ப வாங்கிட்டு வா."

"மிரட்டலுக்குப் பணியச் சொல்றியா?"

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவன் இருபது வருஷமாகப் பணிந்து வந்திருக்கிறான்.

"சரி. நிலைமையை உத்தேசிச்சு வாபஸ் வாங்கிக்கிறேன்."

மறுநாள்தான் வாபஸ் வாங்கக் கடைசி நாள். மூன்று மணிக்குள் வாங்க வேண்டும். காலை பஸ்ஸிலேயே ஏறினான். போகிறபோது வாங்கத்தான் போனான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எவனோ ஒருவன், ஈரான்தான் முதலில் கை வைத்தது என்று சொல்லிவிட்டான். அது போதாதா? ஈராக்தான் கை வைத்தது என்பதை வரலாற்று ஆதாரத்தோடு நிலைநாட்டிவிட்டு மலையாண்டி எழுந்து பார்த்தபோது ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஊருக்கு வந்து இறங்கியவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வாபஸ் வாங்குறது மக்களுக்குச் செய்யிற துரோகம்" என்று சொன்னான். அதே பஸ்ஸில் வந்த, அழகம்மாளின் தோழி சுந்தரம்மாளின் புருஷன் உள்ளதைச் சொல்லிவிட்டான். அழகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஈரானுக்கும் ஈராக்குக்கும் இந்தக் கரிசல் காட்டில் என்ன பங்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

தேர்தல் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஓலைத்தட்டியை வைத்து மறைத்திருந்தார்கள். உள்ளே போனாள். காகிதத்தில் நல்லகாமனின் நாற்காலியும் இருந்தது, குடையும் இருந்தது. அவள் யோசிக்கவே இல்லை. நாற்காலியில் குத்தினாள். ஊருக்குப் பயந்து குத்தவில்லை. இரண்டு ஏக்கரையே நம்பி ஒப்படைக்க முடியாத மனுஷன் கையில் ஓர் ஊரை எப்படி ஒப்படைப்பது?

எண்ணிப் பார்த்தபோது ஊர் ஓட்டெல்லாம் நாற்காலிக்கு. குடைக்கு ஒன்று. அவனாவது அவனுக்குக் குத்திக்கொண்டானே என்று நினைத்து அழகம்மாள் சிரித்தாள்.

ஊர் சிரிக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள், "ஒங்க ஊர்க்கட்டுல ஒரு ஓட்டை விழுந்துருச்சாமே" என்று சந்தையில் வைத்துக் கேட்டார்களாம். அவ்வளவு ஓட்டு வாங்கி ஜெயித்த நல்லகாமன் அந்த ஒத்தை ஓட்டை நினைத்து இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மந்தை கூடியது. மலையாண்டி வீட்டைத் தள்ளி வைத்தது. அந்த வீட்டு மனுஷரோடு ஒருத்தரும் பேசக்கூடாது. தீயும் தண்ணீரும் கொடுக்கக்கூடாது. கூலிக்குப் போகக்கூடாது. மீறினால் தெண்டம். அவர்களாக மந்தைக்கு வந்து விழுந்து கேட்டால் அப்போது ஊர் வாய் திறக்கும்.

பருத்திக்கு ஊர்க்கட்டு தெரியாது. பங்குனி பிறந்ததும் ஒரே வீச்சில் வெடித்துவிட்டது. காடு முழுக்க வெள்ளை. காயை விட்டுச் சுளை தொங்கித் தரையைத் தொட்டது. கரிசல் மண்ணில் விழுந்த பருத்தியை யாரும் சீந்த மாட்டார்கள். பத்துப் பெண்கள் வரிசையாக நிரை பிடித்தால் மூன்று நாளில் முடிகிற வேலை. அழகம்மாள் இருட்டோடு எழுந்து கம்பங்கூழைக் கரைத்துத் தூக்குச்சட்டியில் ஊற்றி, இரண்டு வெங்காயத்தை முந்தியில் முடிந்துகொண்டு போவாள். பனி காய்வதற்குள் மடி கட்டி இறங்கிவிடுவாள். வெயில் ஏறியபின் காய்ந்த பருத்திக்காய் ஓட்டின் முனை ஒவ்வொன்றும் நகக்கண்ணில் குத்தும். பொழுது சாயும்போது இடுப்பை நிமிர்த்திப் பார்த்தால் எடுத்த இடம் ஒரு பாய் அகலம் இருக்கும். எடுக்காத இடம் கண்ணுக்கு எட்டின மட்டும் கிடக்கும்.

மலையாண்டியும் வந்தான். ஒரு கையால் எடுப்பான். இன்னொரு கை பேச்சுக்கு வேண்டியிருந்தது.

"தென்னாப்பிரிக்காவுல கறுப்பருக்கு என்ன நடக்குதோ அதான் இந்த ஊர்ல நமக்கு நடக்குது. உலகம் இதைக் கவனிக்கணும்."

"அங்கிட்டுப் பருத்தி யாரு எடுக்குறாக?"

"அது வேற பிரச்சினை."

"எனக்கு அதான் பிரச்சினை. ரெண்டு கையாலயும் எடு."

பேச ஆளில்லாமல் உண்மையில் வதைபட்டவன் அவன்தான். டீக்கடைக்குப் போனால் சின்னான் கிளாஸை வைப்பான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். பெஞ்சு மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும். இவன் எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியுமாக இரண்டு பக்கமும் தானே பேசிவிட்டு எழுந்து வருவான். நாலு நாள் பார்த்துவிட்டு, சின்னான் கிளாஸ் வைப்பதையும் நிறுத்திவிட்டான்.

ஒருநாள் உச்சிப்பொழுதில் சுந்தரம்மாள் ஆட்டைப் பற்றிக்கொண்டு வரப்போரம் வந்தாள். அழகம்மாளோடு வருஷா வருஷம் ஒரே நிரையில் பருத்தி எடுக்கிறவள். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். பிறகு ஆட்டின் காதைப் பிடித்துக்கொண்டு, "ஏ ஆடு, மேக்க சதுரகிரிப் பக்கம் மேகம் கட்டுதாம். நாலஞ்சு நாளைக்குள்ள மழை எறங்கும்னு எங்க வீட்டுக்காரவுக சொல்றாக. ஒங்க பருத்தி நனைஞ்சா ஒண்ணுக்கும் ஆகாது. மந்தையில போயி விழுந்து எந்திரிச்சா எம்புட்டு நேரம் ஆகப்போகுது? எங்களுக்கும் வந்து எடுக்கணும்னுதேன் இருக்கு" என்றாள்.

அழகம்மாளும் ஆட்டைப் பார்த்தே பதில் சொன்னாள். "ஆடே, நீ சொல்றது சரிதேன். ஆனா விழுகணும்னு நான் சொன்னா அந்தாளு சுயமரியாதைன்னு அரை நாளு பேசுவாரு. அதையும் நான் கேக்கணும்."

சுந்தரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆடு இவர்கள் பேச்சைச் சட்டை செய்யாமல் பருத்திச் செடியில் வாய் வைத்தது.

மறுநாள் சாயங்காலம் நல்லகாமனே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் மடித்த துண்டு. அழகம்மாளையும் பார்க்கவில்லை, மலையாண்டியையும் பார்க்கவில்லை. கட்டுத்தறியில் நின்ற மாட்டிடம் பேசினார்.

"மாடே, ஞாயித்துக்கிழமை இலங்கைத் தமிழருக்காக நம்ம ஊர்ல கண்டனக் கூட்டம். மதுரையில இருந்து வக்கீல் சொக்கநாதன் வாராக. அவுக பேசுறதுக்கு முன்னால ஊர்க்காரவுக ஒருத்தர் பேசணுமாம். நான் மைக்கப் பிடிச்சுப் பாத்தேன். நாக்கு ஒட்டிக்கிருச்சு. ஊர்ல வேற ஆளில்ல. மேடையில பேசுறது ஊர்ப் பேச்சில சேராதுன்னு பெரியவர் சொல்லிட்டாக. அந்தாளு பேசிக்கிறலாம். நாங்க கேட்டுக்குவம். ஆனா மேடைய விட்டு எறங்கிட்டா பழையபடிதேன்."

அழகம்மாள் மலையாண்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் மலர்ந்துவிட்டிருந்தது. கல்யாணத்தன்றைக்குக்கூட அவள் அப்படி ஒரு மலர்ச்சியைப் பார்த்ததில்லை. அவனைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"இதான்யா சமயம். ஊர்க்கட்டை எடுத்தாத்தேன் பேசுவேன்னு சொல்லு. பொழுது விடிஞ்சா பத்துப் பேரு எறங்கிருவாளுக."

"சேச்சே. அங்க சனங்க தலைமேல குண்டு விழுகுது. இந்த நேரத்துல நம்ம சொந்த விசயத்தை வச்சுப் பேரம் பேசுறதா? நாகரிகம் இல்ல அழகு."

"பருத்தி நனைஞ்சா சித்திரையில நாகரிகத்தையா திங்கிறது?"

அவன் கேட்டால்தானே. வாசலுக்குப் போய், தாராளமாக, மாட்டைப் பார்த்தே, "வாரேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் நிற்கும் இடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடை. புனல் ரேடியோ கட்டியிருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம் தரையில் உட்கார்ந்தார்கள். அழகம்மாளைச் சுற்றி மட்டும் ஒரு களம் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

மலையாண்டி பேசினான். பேசத் தெரிந்தவன்தான், அதில் பழுது சொல்ல முடியாது. வீட்டை விட்டு ஓடிப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கின ஜனங்கள்மேல் வானத்திலிருந்து குண்டு விழுந்ததைச் சொன்னான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய ஒரு தாய், கடற்கரையில் இறக்கிப் பார்த்தபோது பிள்ளை செத்துக் கிடந்ததைச் சொன்னான். அழகம்மாளுக்குக் கண்ணீர் வந்தது. முகம் தெரியாத அந்தத் தாய்க்காக அவள் உண்மையாகவே அழுதாள். பெண்கள் எல்லோரும் அழுதார்கள். அழுதவள் பக்கத்தில் உட்கார மட்டும் ஒருத்தியும் வரவில்லை.

"ஊரே ஒரு பக்கம் நின்னாலும் ஒத்த மனுசன் மறுபக்கம் நிக்க உரிமை இருக்கணும்!" என்று மலையாண்டி மைக்கில் முழங்கினான். "அவன் வாயை அடைக்கிற ராஜ்யம் நாசமாப் போகும்!"

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். முத்திருளன் தட்டினார். நல்லகாமன் எழுந்து நின்று தட்டினார். தட்டுகிறோமே, யாருக்குத் தட்டுகிறோம், எதற்குத் தட்டுகிறோம் என்று அந்தக் கூட்டத்தில் ஒரு மண்டைக்குள்ளும் ஓடவில்லை. பேசி முடித்து இறங்கினவனுக்குத் தொண்டை வறண்டு போயிருந்தது. வக்கீலுக்கு ஒரு சோடா உடைத்தார்கள். மைக்செட்காரனுக்கு ஒன்று உடைத்தார்கள். இவனுக்குச் சொட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லை. அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை. கைதட்டலைக் குடித்துக்கொண்டு நின்றான்.

வக்கீல் சொக்கநாதன் ஒன்றரை மணி நேரம் பேசினார். சிறுபான்மையினரின் குரலை மதிக்காத அரசு ஜனநாயக அரசே அல்ல என்று தீர்மானம் வாசித்தார். ஊர் ஒருமனதாகக் கையைத் தூக்கியது. ஒருமனதாகத் தூக்குவதில் அந்த ஊருக்கு நல்ல பழக்கம்.

காரில் ஏறப் போனவரை அழகம்மாள் மறித்துக்கொண்டாள். "சாமி, எங்க வீட்டை ஊரே தள்ளி வச்சிருக்கு. எலெக்சன்ல நின்னதுக்கு. ஒரு வார்த்தை நீங்க சொல்லிட்டுப் போகணும்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்லகாமன் பக்கத்தில்தான் நின்றார். ராத்திரிச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்து காரிலேயே ஏறியிருந்தது. கோழிக் குழம்பு வாசம் வெளியே வந்தது.

"அம்மா, இதெல்லாம் உள்ளூர் விஷயம். வெளி ஆள் தலையிடறது நன்னா இருக்காது. நீங்களே பேசித் தீர்த்துக்கணும்" என்றார்.

"பேசக்கூடாதுன்னுதானே சாமி கட்டு?"

கார் புறப்பட்டுவிட்டது.

அடுத்த இரண்டு நாளும் மலையாண்டி, ஊர் மனசு மாறிவிட்டது, இன்றைக்குக் கூப்பிடுவார்கள், நாளைக்குக் கூப்பிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே திரிந்தான். மூன்றாம் நாள் மத்தியானம் மேற்கே கருத்துவிட்டது. காற்று நின்றுபோய் உடம்பெல்லாம் புழுங்கியது. பாதிக் காட்டுக்கு மேல் பருத்தி செடியிலேயே நின்றது. அழகம்மாள் மடியை அவிழ்த்து வரப்பில் போட்டாள்.

"எந்திரி. மந்தைக்குப் போயி விழுகு."

"நான் என்ன சொல்றேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அம்புட்டும் சொல்லித்தேன் இங்க வந்து நிக்கிறம். விழுகு, எந்திரி, வா. அதுக்கு வாய் வேணாம்."

பொழுது இறங்கும் நேரத்துக்கு மந்தை கூடியது. பெண்கள் மந்தைக்கு வரக்கூடாது. வேப்பமரத்துக்கு அங்கிட்டு நின்றுகொள்ளலாம். அழகம்மாள் அங்கே நின்றாள். தலைமுடியில் பருத்தித் தும்பு ஒட்டியிருந்தது. நல்லகாமன் பெண்டாட்டி இருளாயியும் சுந்தரம்மாளும் இன்னும் சில பெண்களும் தள்ளி நின்றார்கள்.

மலையாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர் முன்னால் வந்தான். விழுந்துவிட்டால் முடிந்துபோகிற காரியம். ஐம்பது ஆம்பளைகள் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் அவனுக்குப் பழைய வியாதி வந்துவிட்டது.

"ஊர் என்னைத் தப்பா நினைச்சிருக்கு" என்றான். "நான் ஊருக்கு விரோதமா ஒண்ணும் செய்யல. மனுப் போட்டேன், உண்மை. வாபஸ் வாங்கப் போனேன், நேரம் தவறிப்போச்சு. ஆனா ஓட்டு? நான் எனக்குக் குத்தல. ஆத்தா மேல சத்தியமா நாற்காலிக்குத்தேன் குத்தினேன். நல்லகாமண்ணே, ஒங்களுக்குத்தேன் குத்தினேன்."

மந்தையில் சலசலப்பு. அழகம்மாள் நம்பாமல் எட்டிப் பார்த்தாள். பாவி மனுஷன், ஊருக்கே உரிமை உரிமை என்று வகுப்பெடுத்துவிட்டுத் தட்டிக்குள் போய் நாற்காலியிலா குத்தினான்? அவனுக்கு அவனே வேண்டாமா?

"அப்பக் குடையில குத்துனது யாரு?" என்றார் முத்திருளன்.

மலையாண்டி இரண்டு கையையும் விரித்தான். "எங்க வீட்டுல இருக்குறது ரெண்டு ஓட்டு. என்னோடது நாற்காலிக்கு. மிச்சத்தை ஊரே யோசிச்சுக்கங்க. பொம்பள, கூறு இல்லாமக் குத்திட்டா."

அந்த நிமிஷமே ஊருக்கு அவன்மேல் இருந்த கோபம் வடிந்துவிட்டது. யாரோ நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்கள். சின்னான் ஒரு பீடியை நீட்டி, "ஒக்காருண்ணே" என்றான். உட்கார்ந்துவிட்டான். பெண்டாட்டி நின்ற பக்கம் அவன் திரும்பவே இல்லை.

"மலையாண்டி பொண்டாட்டியை வரச் சொல்லு" என்றார் பெரியவர். "பொம்பள மந்தைக்கு வரக்கூடாதுதேன். குத்தம் பொம்பளையோடதா இருக்குறப்ப வேற வழியில்ல. வந்து விழுந்துட்டுப் போகட்டும்."

அழகம்மாள் வந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. அவ்வளவு பேரையும் பார்க்க அவளுக்கு அருவருப்பாகத்தான் இருந்தது.

"நான் குடையில குத்தல. நாற்காலியிலதேன் குத்தினேன். இந்தாளுக்குக் குத்த எனக்கு மனசு வரல."

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. இவனும் குத்தவில்லை, இவளும் குத்தவில்லை என்றால் குடையில் குத்தினது யார்? நல்லகாமன் தன் பங்காளியைப் பார்த்தார். பங்காளி மச்சினனைப் பார்த்தான். ஒவ்வொருத்தனும் தன் வீட்டில் யார், யார் என்று மனசுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டான். ஒரே கட்டு, ஒரே வாக்கு என்று மீசையை முறுக்கின ஊர், ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

முத்திருளன் தொண்டையைச் செருமினார். "இல்லத்தா. நீதேன் குத்தியிருக்க. மறந்திருப்ப. ஒத்துக்க, அம்புட்டுத்தேன். ஊர் ஒத்துமைக்கு அதான் நல்லது."

"சத்தியம் பண்ணவா?"

"சத்தியமெல்லாம் வேணாம்!" என்று நல்லகாமன் பதறினார். "குத்தினேன்னு ஒரு வார்த்தை சொல்லிரும்மா."

அப்போதுதான் அழகம்மாளுக்கு விளங்கியது. தான் குத்தினதாக இருந்தால்தான் இவர்கள் ராத்திரி தூங்க முடியும். மேற்கே ஒரு மின்னல் வெட்டியது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சரி. நாந்தேன் குத்தினேன்னே வச்சுக்கங்க. ஆனா விழுக மாட்டேன். நாளைக்கு விடிய எங்காட்டுல இருபது பேரு எறங்கணும். நனையிறதுக்கு முன்னால பருத்தி வீடு வந்து சேரணும். எறங்கலைன்னா சந்தைக்குச் சந்தை போயி, அந்த ஓட்டு எங்க வீட்டு ஓட்டு இல்லைன்னு சொல்லுவேன். யாரு வீட்டு ஓட்டுன்னு நீங்களே தேடிக்கிட்டுக் கெடங்க."

முத்திருளன் மேகத்தைப் பார்த்தார், நல்லகாமனைப் பார்த்தார். நல்லகாமன் தலையை ஆட்டினார்.

"ஆளு வரும். போத்தா" என்றார் பெரியவர்.

போகிற வழியில் மலையாண்டி பின்னாலேயே ஓடிவந்தான். "பாத்தியா, பேச்சுவார்த்தையில எப்படித் தீர்த்துட்டோம்?" என்றான். அவள் நிற்காமல் நடந்தாள்.

ராத்திரி மழை வரவில்லை. மேகம் அப்படியே நின்றது. விடிவதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த பேச்சையெல்லாம் பேசிக்கொண்டே நிரை பிடித்தார்கள். சுந்தரம்மாள், "மதினி, ஆட்டுக்கிட்டப் பேசிப் பேசி எனக்கு வாய் கோணிப்போச்சு" என்று கத்தினாள். சிரிப்பும் கும்மாளமுமாகக் கைகள் பறந்தன. மலையாண்டி இல்லை. டீக்கடை பெஞ்சு அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

கடைசியாக வந்தவள் இருளாயி. தலைவர் பெண்டாட்டி. பருத்தி எடுக்க வர வேண்டிய அவசியமே இல்லாதவள். காதில் கல்தோடு மின்னியது. வந்தவள் ஒரு பழைய சேலைத்துணியை மடியாகக் கட்டிக்கொண்டு அழகம்மாளுக்கு அடுத்த நிரையில் இறங்கினாள். பழக்கமில்லாத கை. காய் ஓட்டின் முனை குத்தி இரண்டு விரலில் ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

மற்றவர்கள் முன்னேறிப் போய்விட்டார்கள். இருளாயி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"அழகு, அது நாந்தேன்."

அழகம்மாளுக்குக் கை நின்றுபோயிற்று. "என்னக்கா சொல்ற?"

"குடையில குத்துனது நாந்தேன். எம் பழியத் தூக்கி ஒந்தலையில வச்சிட்டாக. நேத்து மரத்தடியில நின்னுக்கிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அழகம்மாளுக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. "ஏங்க்கா, ஒனக்குமா புத்தி கெட்டுப் போச்சு? எம் புருசன் பேச்சை நம்பியா குத்தின?"

இருளாயி அப்போதுதான் நிமிர்ந்தாள். "ஒம் புருசன் யாரு, அந்தாளு என்ன பேசுறாருன்னு எனக்கு என்னத்தத் தெரியும்? இருவத்திமூணு வருசம். நில்லுன்னா நின்னேன், ஒக்காருன்னா ஒக்காந்தேன். அன்னிக்குத் தட்டிக்குள்ள போயிப் பாத்தா, எங்கூட ஒருத்தரும் இல்ல. குடையின்னு பாத்து நான் குத்தல அழகு. எம் புருசன் இல்லாத படம் எதுன்னு பாத்துக் குத்தினேன்."